இரவில் அனுப்பிய பணத்தை வங்கி ஏன் நிறுத்தியது?

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை நடத்தும் உங்கள் அப்பா, புதுக் கைபேசியிலிருந்து இரவு இரண்டு மணிக்கு ஒரு புது வியாபாரிக்கு அனுப்பிய 80,000 ரூபாயை வங்கி ஏன் நிறுத்தியது என்று கேட்டிருக்கிறீர்கள்.

மோசடியைப் பிடிக்க வங்கி வைத்திருப்பது, பழைய பரிவர்த்தனைகளைப் பார்த்துத் தானே கற்றுக்கொள்ளும் இயந்திரக் கற்றல் நிரல். அதற்குத் தெரிந்ததெல்லாம் கணக்கின் பழக்கம்தான். பகலில், தெரிந்த வெள்ளி வியாபாரிகளுக்கு, ஒரே கைபேசியிலிருந்து பணம் போகும் கணக்கு அது. அன்று நேரம், ஆள், கருவி மூன்றுமே புதிது. தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் தவறில்லை. சேர்ந்து வந்தால் சந்தேக மதிப்பெண் ஏறிவிடும்.

பெரிய சிக்கல், மோசடி மிக அரிது என்பதே. 10,000 பரிவர்த்தனைகளில் 10 மட்டும் மோசடி என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்ணை மூடிக்கொண்டு ‘எல்லாம் நல்லவை’ என்று சொல்லும் நிரலும் 99.9 சதவீதம் சரியாக இருக்கும். ஒரு திருடனும் அகப்படமாட்டான். ஆகவே, பத்தில் எத்தனை பிடிபட்டன, அதற்காக எத்தனை நல்லவர்கள் மறிக்கப்பட்டார்கள் என்றுதான் கேட்க வேண்டும். வலைக்கண்ணைச் சிறிதாக்கினால் உங்கள் அப்பாவும் சிக்கத்தான் செய்வார். கூலி கொடுக்க வேண்டிய நாளில் அது எவ்வளவு வேதனை என்பது எனக்குப் புரிகிறது.

ஏமாற்றுக்காரன் பேச்சை நம்பி நாமே நம் கைபேசியிலிருந்து பணம் அனுப்பினால், கண்டுபிடிப்பது நிரலுக்கு மிகக் கடினம். அப்போது தாமதிக்காமல் இணையக் குற்றங்களுக்கான உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள்.