ரெவிட்டில் அறை நிறமும் பொருள் நிறமும் – கடிதம்

வணக்கம் ஐயா,

டர்பனில் ஒரு கட்டட வரைபட அலுவலகத்தில் வேலை செய்கிறேன். ரெவிட் என்ற கட்டட வரைவு மென்பொருளில்தான் வரைகிறோம். புது வேலை வந்தால் பழைய ப்ராஜெக்ட் ஃபைலையே 'சேவ் ஆஸ்' செய்துதான் தொடங்குவோம். இப்போது ரூம் கலர் ஸ்கீமில் (அறை வகைக்கு ஒரு நிறம் என்ற பட்டியல்) 40 வரிக்கு மேல் சேர்ந்துவிட்டது. ஆஃபீஸுக்கு மட்டுமே மூன்று நிறம். போதாக்குறைக்கு, அனுமதிக்காகக் கொடுத்த பிளானில் இருக்கிற பழைய சுவரும் புதுச் சுவர் மாதிரி சிவப்பாக வந்ததால் திருத்தச் சொல்லிவிட்டார்கள். டெம்ப்ளேட்டில் (புது வேலையைத் தொடங்கும் மாதிரி ஃபைல்) நிறங்களை எப்படி ஒழுங்கு செய்வது?

ஒரு வாசகர், டர்பன்

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் கேட்டது இரண்டு கேள்வி. அறை நிறம் கலர் ஸ்கீமில் இருக்கிறது. செங்கல் சிவப்பு, கான்கிரீட் பச்சை என்ற பொருள் நிறத்துக்கும் கலர் ஸ்கீமுக்கும் சம்பந்தமே இல்லை. டெம்ப்ளேட்டிலும் இரண்டையும் பிரித்தே வையுங்கள்.

முதலில் அறை. கலர் ஸ்கீம் பார்ப்பது அறையில் எழுதியிருக்கும் சொல்லை மட்டும்தான். ஒருவர் 'ஆஃபீஸ்' என்றும், இன்னொருவர் 'ஆஃபீசஸ்' என்றும், அவசரத்தில் மூன்றாமவர் 'ஆஃப்.' என்றும் தட்டினால் ரெவிட்டுக்கு அது மூன்று மதிப்பு. மூன்று வரியைத் தானே சேர்த்து மூன்று நிறம் கொடுத்துவிடும். ஆகவே நிறத்தைத் திருத்துவதால் பயனில்லை, கையால் தட்டுவதை நிறுத்த வேண்டும்.

அதற்குக் கீ ஷெட்யூல், அதாவது மதிப்புகளை முன்பே எழுதிவைக்கும் அட்டவணை, இருக்கிறது. ரூம்களுக்கு ஒரு டெக்ஸ்ட் ப்ராஜெக்ட் பாராமீட்டர் (அந்த ஃபைலுக்கு மட்டுமான தகவல் கட்டம்) உருவாக்குங்கள். பல ஃபைல்களுக்குப் பொதுவான ஷேர்டு பாராமீட்டர் வேண்டாம், பழைய பதிப்புகளில் அது கீ ஷெட்யூலில் சேராது. பிறகு ரூமுக்கு ஷெட்யூல் போடும்போது 'ஷெட்யூல் கீஸ்' என்பதைத் தேர்ந்தெடுத்து, வரிகளை நிரப்புங்கள். உங்கள் ஊருக்கு, தென்னாப்பிரிக்கக் கட்டடத் தரமான சான்ஸ் 10400-இன் வகைக் குறியீடுகளே போதும்: சிறிய கடைக்கு எஃப்2, அலுவலகத்துக்கு ஜி1, தனி வீட்டுக்கு எச்4, கார் நிறுத்தத்துக்கு ஜே4. வரைபவர் இனி பட்டியலிலிருந்து கீயைத் தேர்ந்தெடுப்பார், மதிப்பு தானே நிரம்பும். கீயைத் தேர்ந்தெடுத்ததும் ப்ராப்பர்ட்டீஸில் அந்தக் கட்டம் பூட்டப்படுவதால் தவறாகத் தட்டவும் வழியில்லை.

கலர் ஸ்கீமை அந்தப் பாராமீட்டரோடு கட்டி, டெம்ப்ளேட்டில் அறை ஒன்றுகூட இல்லாதபோதே பச்சை பிளஸ் பொத்தானால் மதிப்புகளைச் சேர்த்து நிறம் கொடுத்துவிடுங்கள். ஒரு எச்சரிக்கை: ஸ்கீமுக்குள் மேலே இருக்கும் 'கலர்' கட்டத்தில் வேறு பாராமீட்டரை மாற்றினால் நீங்கள் வைத்த நிறமெல்லாம் போய்விடும். எச்சரிக்கைப் பெட்டி வரும், பலர் படிக்காமல் ஓகே தட்டிவிடுகிறார்கள். மாற்றிப் பார்க்க ஆசையிருந்தால் முதலில் டூப்ளிகேட் எடுங்கள். இப்போதிருக்கும் 40 வரியில் 'இன் யூஸ்' பத்தியில் 'நோ' என்று இருப்பவற்றை மட்டும்தான் நீக்க முடியும். அதனால் அந்த ஃபைலைச் சுத்தம் செய்து டெம்ப்ளேட் ஆக்குவதைவிடப் புதிதாக ஒன்று தொடங்குவதே நல்லது. நடந்துகொண்டிருக்கும் வேலைகளுக்கு 'ட்ரான்ஸ்ஃபர் ப்ராஜெக்ட் ஸ்டாண்டர்ட்ஸ்' வழியாகக் கொண்டுபோகலாம். ஆனால் ஸ்கீமின் பெயர் இரு ஃபைலிலும் ஒன்றாக இருந்து, நீங்கள் 'நியூ ஒன்லி' கொடுத்தால் பழையதே நிற்கும்.

நிறம் தேர்வு செய்யும்போது கறுப்பு வெள்ளை நகலையும் நினைத்துப் பாருங்கள். ஆர்ஜிபி 230, 25, 25 என்ற சிவப்பையும் 30, 130, 40 என்ற பச்சையையும் எடுத்துக்கொள்ளுங்கள். திரையில் ஏணி வைத்தாலும் எட்டாத வித்தியாசம். சிவப்புக்கு 0.299, பச்சைக்கு 0.587, நீலத்துக்கு 0.114 என்று பெருக்கிக் கூட்டினால் சாம்பல் அளவு 86, 90. நகலில் இரண்டும் ஒன்றுதான். பக்கத்துப் பக்கத்து அறைகளுக்கு இந்த எண்ணில் 30 ஆவது விலகி இருக்கட்டும்.

இனி பொருள் நிறம். தென்னாப்பிரிக்க விதிப்படி பிளானில் புதுச் செங்கல் வேலை சிவப்பு, புதுக் கான்கிரீட் பச்சை, இரும்பு நீலம், மரம் மஞ்சள், கண்ணாடி கறுப்பு. ஏற்கெனவே இருப்பது எதுவானாலும் சாம்பல். உங்கள் பழைய சுவர் சிவந்ததற்கு நான்கு காரணங்கள் இருக்கலாம், இந்த வரிசையில் பாருங்கள். சுவரின் 'ஃபேஸ் கிரியேட்டட்' (பழையதா புதியதா என்று சொல்லும் குறிப்பு) புதுக் கட்டுமானம் என்றே கிடக்கலாம். பழைய கட்டடத்தை அளந்து வரைபவர்கள் பெரும்பாலும் இதைத்தான் மறக்கிறார்கள். வியூவின் (அந்தப் பிளான் காட்சியின்) ஃபேஸ் ஃபில்டர் 'ஷோ கம்ப்ளீட்' ஆக இருக்கலாம். அது பழையதையும் புதியதையும் ஒரே மாதிரி காட்டும், உங்களுக்கு வேண்டியது 'ஷோ ஆல்'. ஃபேஸிங் பெட்டியின் கிராஃபிக் ஓவர்ரைட்ஸில் 'எக்ஸிஸ்டிங்' வரிக்குக் கோடு மட்டும் சாம்பலாகி, வெட்டுப் பேட்டர்ன் காலியாக இருக்கலாம். அப்போது ஓரம் சாம்பலாகும், உள்ளே சிவப்பு அப்படியே நிற்கும். கடைசியாக, யாரோ சுவருக்கு வியூ ஃபில்டரில் (நிபந்தனைக்கு ஏற்ப நிறம் மாற்றும் அமைப்பு) சிவப்புக் கொடுத்திருக்கலாம். வியூ ஃபில்டர் ஃபேஸை மீறும், ஆகவே பழையது புதியது பார்க்காமல் எல்லாவற்றையும் சிவப்பாக்கிவிடும்.

சிவப்பை ஃபில்டரில் வைக்காமல், செங்கல் சுவர் டைப்பின் 'கோர்ஸ் ஸ்கேல் ஃபில்' (குறைந்த விவரத்தில் மட்டும் தெரியும் நிரப்பு) என்பதில் வையுங்கள். அனுமதிப் பிளானின் டீட்டெயில் லெவல் (விவர அளவு) கோர்ஸ், வேலைப் பிளானுக்கு மீடியம். அப்போது தளத்துக்குப் போகும் தாளில் சிவப்பு வராது, மெட்டீரியலின் கோட்டுப் பேட்டர்ன்தான் வரும். கான்கிரீட் தூண்களுக்கு அனுமதி வியூ டெம்ப்ளேட்டின் (காட்சி அமைப்புகளின் தொகுப்பு) கேட்டகரி ஓவர்ரைடில், அதாவது ஒரு வகைப் பொருள் முழுவதற்கும் நிறம் மாற்றும் இடத்தில், பச்சை கொடுக்கலாம். ஃபேஸ் இதை மீறும் என்பதால் பழைய தூண் சாம்பலாகவே இருக்கும். அதே வியூ டெம்ப்ளேட்டில் கலர் ஸ்கீமை 'நன்' (எதுவும் இல்லை) ஆக்க மறக்காதீர்கள்.

வடிகால் பிளானுக்குத் தனி வியூ டெம்ப்ளேட் வேண்டும். அங்கே மலக்குழாயும் வடிகாலும் பழுப்பு, கழிவுநீர்க் குழாய் பச்சை, மலக்குழாயின் காற்றுப்போக்கி சிவப்பு. கட்டடப் பிளானின் டெம்ப்ளேட்டையே அங்கும் போட்டால் தூணும் குழாயும் ஒரே பச்சையில் நிற்கும், சரிபார்ப்பவருக்கு எது எதுவென்று தெரியாது.