உள்ளங்கை வியர்வைக்கு அறுவை சிகிச்சைதான் தீர்வா?

வாசகியின் கேள்வி: எனக்கு வயது 27. பாலர் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். தொடக்கப்பள்ளி நாள்களிலிருந்தே உள்ளங்கைகளும் உள்ளங்கால்களும் வியர்த்துக் கொட்டுகின்றன. குளிர்சாதன வசதியுள்ள வகுப்பறையிலும் இதே நிலைதான். பிள்ளைகளின் பயிற்சித் தாள்களைத் தொட்டால் ஓரம் நனைந்து சுருங்கிவிடுகிறது. கைப்பேசி என் விரல்ரேகையை ஏற்பதில்லை. அப்பாவுக்கும் இந்தத் தொல்லை உண்டு. "உடம்புச் சூடு" என்று சொல்லிப் பாட்டி வாரந்தோறும் எண்ணெய் தேய்த்துக் குளிக்க வைத்தும் பலன் இல்லை. வரும் தை மாதம் எனக்குத் திருமணம். புடவை எடுக்கச் சென்னை போகும்போது, அங்கேயே நரம்பை வெட்டி வியர்வையை நிறுத்தும் அறுவை சிகிச்சையைச் செய்துகொள்ளும்படி உறவினர் ஒருவர் சொல்கிறார். செய்துகொள்ளலாமா?

பதில்: இப்போது வேண்டாம். உங்கள் துன்பம் சிறியது என்று நினைத்து இதைச் சொல்லவில்லை. திருமணத்துக்கு இன்னும் ஆறு மாத காலம் இருக்கிறது. அதற்குள் படிப்படியாகச் செய்து பார்க்கக்கூடிய சிகிச்சைகள் பல இருக்கின்றன. அவற்றில் எதையும் நீங்கள் இன்னும் தொடவில்லை. அதோடு, நீங்கள் குறிப்பிடும் அறுவை சிகிச்சை சிங்கப்பூரைப் போன்ற புழுக்கமான ஊரில் வாழ்பவர்களுக்குப் புதிதாக ஒரு தொல்லையைத் தரக்கூடும்.

முதலில் உங்கள் மனத்தில் இருக்கும் ஒரு பாரத்தை இறக்கி வைக்க விரும்புகிறேன். உங்களுக்கு இருப்பது உடம்புச் சூடும் அல்ல, கூச்ச சுபாவமும் அல்ல. நம் தோலில் 20 முதல் 40 இலட்சம் வியர்வைச் சுரப்பிகள் உள்ளன. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் அவை மிக நெருக்கமாக அமைந்திருக்கின்றன. முதுகிலும் மார்பிலும் வரும் வியர்வை பெரும்பாலும் உடலைக் குளிர்விப்பதற்காகச் சுரக்கிறது. உள்ளங்கை வியர்வையோ வெப்பத்தைக் காட்டிலும் மனத்தின் விழிப்பு நிலைக்கே அதிகம் கட்டுப்பட்டது. நம் விருப்பத்துக்குக் காத்திராமல் தாமாக இயங்கும் பரிவு நரம்புகள் அசிட்டைல்கோலின் என்னும் வேதிப்பொருளைச் சுரந்து வியர்வைச் சுரப்பிகளைத் தூண்டுகின்றன. மிகை வியர்வை உள்ளவர்களுக்குச் சுரப்பிகளின் எண்ணிக்கையும் அளவும் இயல்பாகவே இருக்கும். அவற்றுக்கு வரும் நரம்புக் கட்டளைதான் தேவைக்கு மேல் ஓடிக்கொண்டிருக்கும். அதனால்தான் குளிர்ந்த வகுப்பறையிலும் உங்கள் கை நனைகிறது. தூங்கியதும் அநேகமாக உலர்ந்துவிடும். எண்ணெய்க் குளியலும் மோரும் இளநீரும் உடம்புக்கு இதமானவை, அவற்றை விட வேண்டியதில்லை. ஆனால் அவை அந்த நரம்புக் கட்டளையை மாற்றுவதில்லை. பதற்றம் வியர்வையைக் கூட்டும் என்பதும், வியர்த்துவிடுமோ என்ற எண்ணமே பதற்றத்தைக் கூட்டும் என்பதும் உண்மைதான். ஆனாலும் "தைரியமாக இரு, சரியாகிவிடும்" என்ற அறிவுரை இங்கே மருந்தாகாது.

நீங்கள் எழுதியிருக்கும் விவரங்களிலேயே நோய் நிர்ணயத்தின் பெரும்பகுதி இருக்கிறது. வெளிப்படையான காரணமின்றி ஆறு மாதங்களுக்கு மேலாக ஒரு குறிப்பிட்ட இடத்தில் மிகுதியாக வியர்ப்பது, இரு பக்கமும் ஒன்றுபோல் வியர்ப்பது, 25 வயதுக்கு முன்பே தொடங்கியிருப்பது, வாரத்துக்கு ஒருமுறையாவது வருவது, குடும்பத்தில் வேறொருவருக்கும் இருப்பது, உறக்கத்தில் நின்றுவிடுவது, அன்றாட வேலையைக் கெடுப்பது ஆகியவற்றைத்தான் மருத்துவர்கள் பார்க்கிறார்கள். எந்தப் பகுதி எவ்வளவு வியர்க்கிறது என்று துல்லியமாக அறிய வேண்டுமானால் உலர்ந்த கையில் அயோடின் கரைசலைப் பூசி, அது காய்ந்ததும் மேலே மாவுப் பொடியைத் தூவுவார்கள். வியர்வை துளிர்க்கும் இடங்களில் மட்டும் கருநீலப் புள்ளிகள் தோன்றிப் பரவும். இதைக் கண்ணால் பார்த்த பிறகு, "எல்லாம் மனப்பிரமை" என்று சொல்லும் உறவினர்கள்கூட அமைதியாகிவிடுவார்கள்.

இதே பகுதியைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நடுவயதில் புதிதாக உடம்பு முழுவதும் வியர்க்கத் தொடங்கினாலோ, இரவில் படுக்கை நனையும்படி வியர்த்தாலோ, கூடவே காய்ச்சல், எடை குறைதல், நெஞ்சுப் படபடப்பு போன்றவை இருந்தாலோ அதைப் பிறவிக்குணம் என்று விட்டுவிடக் கூடாது. தைராய்டு மிகைப்பாடு, காசநோய், சில இரத்தப் புற்றுநோய்கள் ஆகியவற்றோடு, மனச்சோர்வுக்கு எடுக்கும் சில மாத்திரைகளும் டிராமடால் போன்ற வலிநிவாரணிகளும்கூட இதற்குக் காரணமாகலாம். மாதவிடாய் நிற்கும் காலமும் அப்படியே. நீரிழிவுக்கு இன்சுலின் போட்டுக்கொள்பவருக்குத் திடீரெனக் குளிர்ந்து வியர்த்துக் கை நடுங்கினால் சர்க்கரை இறங்கியிருக்கக்கூடும். நினைவு தெளிவாக இருந்தால் உடனே இனிப்பான பானம் ஏதேனும் கொடுக்க வேண்டும். நெஞ்சுவலியோடு வியர்வை வந்தால் அவசர மருத்துவ வண்டிக்கு 995-ஐ அழைக்க வேண்டும்.

இனி உங்கள் சிகிச்சைக்கு வருகிறேன். முதற்படி, 20 விழுக்காடு அலுமினியம் குளோரைடு கலந்த பூச்சு. கடையில் கிடைக்கும் நறுமணத் தெளிப்பான் வியர்வையின் நாற்றத்தை மறைப்பது. இந்தப் பூச்சோ வியர்வைக் குழாயின் வாயை அடைத்து வியர்வையையே குறைப்பது. மருந்தாளரிடம் கேட்டால் சரியானதை எடுத்துத் தருவார். பலர் இதைத் தவறாகப் பயன்படுத்திவிட்டு, பலனில்லை என்று ஒதுக்கிவிடுகிறார்கள். காலையில் வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில், குளித்த ஈரத்தோடு பூசுவதுதான் அந்தத் தவறு. ஈரம் பட்டால் அலுமினியம் குளோரைடு அமிலமாக மாறித் தோலை எரிக்கும். வியர்வை ஓய்ந்திருக்கும் இரவு நேரத்தில், படுக்கப்போகும் முன், கையை நன்றாகத் துடைத்து, மின்விசிறிக்கு எதிரே சற்று நேரம் நீட்டி, அல்லது முடி உலர்த்தியைக் குளிர்ந்த காற்றில் வைத்து உலர்த்திவிட்டு, மெல்லிய ஒரு பூச்சாகப் பூசுங்கள். காய்ந்த பிறகு படுத்து, காலையில் கழுவிவிடுங்கள். மோதிரத்தையும் வளையலையும் கழற்றிவிடுங்கள். இது உலோகத்தையும் துணியையும் கெடுக்கும். கீறலோ வெடிப்போ உள்ள தோலில் பூச வேண்டாம். முதலில் ஒவ்வோர் இரவும் பூசி, வியர்வை குறைந்ததும் வாரத்துக்கு ஓரிரு முறையாகக் குறைத்துக்கொள்ளலாம். அரிப்பு வந்தால் சில நாள் நிறுத்துங்கள். மருத்துவர் சொன்னால் மென்மையான ஹைட்ரோகார்ட்டிசோன் களிம்பைச் சில நாள் பூசலாம். அக்குளில் அலுமினியம் குளோரைடு பூச்சு நன்றாகவே வேலை செய்யும். உள்ளங்கைத் தோல் தடித்தது என்பதால் அங்கே பலன் குறைவாகவே இருக்கும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். நான்கு வாரம் முறையாகப் பூசியும் போதவில்லை என்றால் அடுத்த படிக்குப் போகலாம்.

அந்த அடுத்த படிதான் உங்களைப் போன்றவர்களுக்கு மிகவும் பொருத்தமானது என்பது என் கருத்து. அதன் பெயர் ஐயன்டோஃபோரெசிஸ். ஆழமில்லாத இரண்டு தட்டுகளில் குழாய்த் தண்ணீரை ஊற்றி, உள்ளங்கைகளை அதில் வைத்துக்கொள்ள வேண்டும். கருவி மிகக் குறைந்த மின்னோட்டத்தை அந்தத் தண்ணீர் வழியாகச் செலுத்தும். ஒரு தடவைக்கு 20 முதல் 30 நிமிடம், தொடக்கத்தில் வாரத்துக்கு மூன்று முறை. சில வாரங்களில் கை உலர்ந்த பிறகு வாரத்துக்கு ஒருமுறை அல்லது அதற்கும் குறைவாகத் தொடர வேண்டும். நிறுத்திவிட்டால் வியர்வை மெல்லத் திரும்பிவிடும். இலேசான சுருக்கென்ற உணர்வு இருக்கும். மின்னோட்டம் ஓடும்போது கையைத் திடீரெனத் தூக்கினால் சிறு அதிர்ச்சி தட்டும் என்பதால், கைப்பேசி ஒலித்தாலும் எடுக்கக் கூடாது. தோலில் கீறல் இருந்தால் அதன்மேல் வாசலைன் தடவிக்கொள்ளுங்கள். பாதங்களுக்கும் இதே முறைதான். இதயமுடுக்கி பொருத்தியவர்களும், கர்ப்பிணிகளும், மின்னோட்டம் பாயும் வழியில் உலோகத் தகடு வைத்திருப்பவர்களும் இதைச் செய்யக் கூடாது. வீட்டிலேயே வைத்துப் பயன்படுத்தும் கருவிகளும் உண்டு. ஆனாலும் முதலில் சிகிச்சை நிலையத்தில் செய்து, பலன் தெரிந்த பிறகு கருவியை வாங்குவது நல்லது.

போடாக்ஸ் என்று பரவலாக அறியப்படும் போட்டுலினம் டாக்சின் ஊசி மூன்றாவது வழி. நரம்பு முனையிலிருந்து அசிட்டைல்கோலின் வெளிவருவதையே அது தடுக்கிறது. பலன் பொதுவாக ஆறு மாதம் வரை, சிலருக்கு அதற்கு மேலும் நீடிக்கும். அக்குள் வியர்வைக்கு அமெரிக்க அரசு இதை 2004-ஆம் ஆண்டிலேயே அங்கீகரித்தது. உள்ளங்கையில் போடும்போது பல இடங்களில் குத்த வேண்டும் என்பதால் வலி அதிகம்; மரத்துப்போகச் செய்துவிட்டுத்தான் போடுவார்கள். சில வாரங்களுக்கு விரல்களின் பிடி சற்றுத் தளரலாம். பிள்ளைகளைத் தூக்கும் வேலையில் இருக்கும் உங்களுக்கு இது முக்கியம். திருமணத்துக்காக இதைத் தேர்ந்தெடுத்தால், கல்யாண வாரத்தில் போட்டுக்கொள்ளாமல், குறைந்தது ஒன்றரை மாதம் முன்னதாகப் போட்டுக்கொள்ளுங்கள். பிடி திரும்பியிருக்கும், கையும் உலர்ந்திருக்கும்.

ஆக்ஸிபியூட்டினின், கிளைகோபைரோலேட் போன்ற மாத்திரைகளும் பயன்படுகின்றன. இவை கைக்கு மட்டும் வேலை செய்வதில்லை; உடல் முழுவதும் வியர்வையைக் குறைக்கும். வாய் உலரும், மலச்சிக்கல் வரும், பார்வை மங்கலாம். சிங்கப்பூரில் காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல் இருப்பதால், சுரக்கும் வியர்வையே எளிதில் ஆவியாவதில்லை. அந்தச் சிறு குளிர்ச்சியையும் மாத்திரை பறித்துவிட்டால் வெப்பத் தாக்கு வரும் அபாயம் உண்டு. தேசிய சேவையில் இருக்கும் இளைஞர்களும், கட்டுமானத் தளத்தில் வெயிலில் நிற்கும் தொழிலாளர்களும் மருத்துவரிடம் தங்கள் வேலையைச் சொல்லாமல் இந்த மாத்திரைகளைத் தொடவே கூடாது. உங்களுக்குப் பலன் கிடைத்தது என்று அப்பாவுக்கும் இரண்டு மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள். ஆண்களுக்குப் புராஸ்டேட் வீக்கம் இருந்தால் சிறுநீர் அடைத்துக்கொள்ளும், சிலவகைக் கண் அழுத்த நோய் இருந்தால் அது முற்றிவிடும், வயதானவர்களுக்கு நினைவுக் குழப்பமும் வரலாம்.

இப்போது உங்கள் உறவினர் சொன்ன அறுவை சிகிச்சை. அக்குள் பக்கத்தில் சிறு துளையிட்டு, கேமராவை உள்ளே செலுத்தி, விலா எலும்புகளின் தலைப்பகுதியை ஒட்டி இறங்கும் பரிவு நரம்புத் தொடரை வெட்டுவார்கள் அல்லது கவ்வியால் இறுக்குவார்கள். உள்ளங்கை உடனே உலர்ந்துவிடுவது உண்மை. பெரும்பாலானோருக்கு அது நிலைத்தும் நிற்கும். ஆனால் பலருக்கு முதுகிலும் மார்பிலும் வயிற்றிலும் தொடையிலும் வியர்வை முன்னைவிடக் கூடிவிடுகிறது. ஈடுசெய் வியர்வை என்று இதைச் சொல்கிறோம். சிலருக்கு அது பொருட்படுத்தாத அளவில் இருக்கும். சிலருக்குச் சட்டையை ஒரு நாளில் பலமுறை மாற்றும் அளவுக்கு இருக்கும். யாருக்கு எப்படி வரும் என்று முன்கூட்டியே கணிக்க முடியாது; வந்த பிறகு திருப்புவதும் கடினம், கவ்வியை எடுத்தாலும் சரியாகிவிடும் என்ற உறுதி இல்லை. வெப்பமும் புழுக்கமும் அதைக் கூட்டும். எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து வீவக அடுக்குமாடி புளோக்குக்கு நடப்பதற்குள் முதுகு நனைந்துவிடும் ஊரில் இதைப் பெரிதாகவே எடைபோட வேண்டும். நுரையீரலைச் சுற்றிக் காற்று தேங்குதல், அரிதாக ஒரு கண்ணிமை தொய்ந்துபோதல் போன்ற சிக்கல்களும் உண்டு. இன்னொன்று, கைக்காகச் செய்யும் இந்தச் சிகிச்சை பாத வியர்வையை நிச்சயமாக நிறுத்தும் என்று சொல்ல முடியாது. உங்களுக்கோ இரண்டும் இருக்கின்றன. சென்னையில் திறமையான அறுவை மருத்துவர்கள் இருக்கிறார்கள், அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் புடவை எடுக்கப் போகும் பயணத்தின் இடையில், பின்னர் யாரிடம் போய்க் காட்டுவது என்ற ஏற்பாடு இல்லாமல், திரும்பப் பெற முடியாத ஒரு முடிவை எடுப்பது சரியல்ல. மற்ற எல்லா வழிகளும் கைவிட்ட பிறகு, ஈடுசெய் வியர்வையைத் தாங்கிக்கொள்ள மனமொப்பிச் செய்துகொள்பவர்களை நான் தடுப்பதில்லை.

பாதங்களைப் பற்றியும் சில வார்த்தைகள். பாலர் பள்ளி வகுப்பறைக்குள் காலணியைக் கழற்றிவிட்டு நடப்பவராக இருந்தால், வழுவழுப்பான தரையில் உங்கள் ஈரப் பாதச்சுவடு விழுவதை நீங்களே கவனித்திருப்பீர்கள். வழுக்கி விழும் ஆபத்தும் அதில் இருக்கிறது. அடியில் ரப்பர்ப் பிடிப்புள்ள காலுறைகளை வாங்கி, மதியம் ஒருமுறை மாற்றுங்கள். ஒரே காலணியைத் தொடர்ந்து இரண்டு நாள் அணியாமல், இரண்டு ஜோடியை மாற்றி மாற்றிப் போட்டு, ஒன்று முழுநாள் உலர விடுங்கள். குதிகாலில் ஊசியால் குத்தியதுபோல் சிறு குழிகளும் கடும் நாற்றமும் இருந்தால் அது பாக்டீரியாத் தொற்று. விரலிடுக்கில் வெளுத்து உரிந்தால் சேற்றுப்புண். இரண்டுக்கும் தனித்தனி மருந்து உண்டு. பவுடர் கொட்டுவதால் தீராது.

பலதுறை மருந்தகத்துக்குச் சென்று, எப்போது தொடங்கியது, வேலையில் என்ன தடைபடுகிறது என்பதைச் சொல்லி, நீங்கள் எடுக்கும் எல்லா மருந்துகளின் பட்டியலையும் காட்டுங்கள். அங்கிருந்து பரிந்துரைக் கடிதத்தோடு மண்டலே சாலையில் உள்ள தேசியத் தோல் நோய் நிலையத்துக்கோ அரசு மருத்துவமனையின் தோல் பிரிவுக்கோ போனால் மானியக் கட்டணத்தில் நிபுணரைப் பார்க்கலாம். முன்பதிவுக்குக் காத்திருக்க நேரிடும் என்பதால் இந்த வாரமே போய்விடுங்கள். காத்திருக்கும் நாள்களில் இரவுப் பூச்சைத் தொடங்கிவிடலாம். திருமணத்துக்குப் பிறகு விரைவில் குழந்தை பெற்றுக்கொள்ளும் எண்ணம் இருந்தால் அதையும் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள். மின்னோட்டச் சிகிச்சை, போடாக்ஸ், மாத்திரை மூன்றையும் கர்ப்ப காலத்தில் தவிர்ப்பதே வழக்கம் என்பதால், எதை எப்போது தொடங்கி எப்போது நிறுத்துவது என்பதை மருத்துவர் அதற்கேற்பத் திட்டமிடுவார்.