மகள் சமோவா மொழி படிக்கட்டுமா?

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். சேலத்திலிருந்து நியூசிலாந்தின் தெற்கு ஆக்லாந்துக்குக் குடிவந்து மூன்று மாதம் ஆகிறது. ஒன்பதாம் ஆண்டில் சேர்ந்திருக்கும் மகள் பிரெஞ்சையும் ஜப்பானிய மொழியையும் விட்டுவிட்டு, பசிபிக் தீவு நாடான சமோவாவின் மொழியை விருப்பப் பாடமாக எழுதிக்கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். தோழிகளுக்காக எடுக்கிறாளோ, பிற்காலத்தில் எதற்காவது உதவுமா, சமோவாப் பிள்ளைகள் நடுவில் இவள் என்ன செய்வாள், கேலி வருமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தோழிகளுக்காகத்தான் எடுத்திருப்பாள். பதின்மூன்று வயதில் வேறு எதற்காக எடுப்பார்கள்? என் மகளும் அப்படித்தான் எடுத்தாள். அன்று வீட்டில் நான் போட்ட சத்தத்தை நினைத்தால் இன்று வெட்கமாக இருக்கிறது.

உதவுமா என்பதை முதலில் முடித்துவிடுகிறேன். பதினொன்றாம் ஆண்டிலிருந்து, இங்குள்ள உயர்நிலைப் பள்ளித் தேர்வான என்சிஇஏவில் மற்ற மொழிகளைப் போலவே இதற்கும் மூன்று நிலைகளிலும் மதிப்பெண் உண்டு. பல்கலைக்கழக நுழைவுக்கு ஏற்கப்படும் பாடம். 2018 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் பேசுவதாகச் சொன்ன மொழி. ஆங்கிலம், மாவோரிக்கு அடுத்து இந்த நாட்டில் மூன்றாவது. நீங்கள் இருக்கும் பகுதியில் மருத்துவமனையிலோ பள்ளியிலோ வேலைக்குப் போகிறவளுக்கு பிரெஞ்சைவிட இது தினமும் கைகொடுக்கும்.

ஆனால் சுலபமாக மதிப்பெண் வாங்கும் பாடம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வகுப்பில் பாதிப் பேர் வீட்டிலேயே அந்த மொழியைக் கேட்டு வளர்ந்தவர்கள். முதல் பருவத்தில் என் மகள் வாங்கிய மதிப்பெண்ணைச் சொல்லமாட்டேன். அதைவிடச் சிக்கலான ஒன்று இரண்டாம் ஆண்டில் வந்தது. வகுப்பில் ஒரு சமோவாப் பையன். இங்கேயே பிறந்தவன், மொழி வராது. ஒருநாள் என் மகள் வாசித்ததை ஆசிரியை பாராட்ட, 'இந்தியப் பெண்ணுக்கு வருகிறது, உனக்கு வரவில்லையா' என்று பின் வரிசையில் ஒருவன் அவனைக் கேட்டுவிட்டான். அவன் ஒரு வாரம் வகுப்புக்கு வரவில்லை. என் மகளும் அதற்குப் பிறகு கொஞ்ச நாள் கையைத் தூக்கவில்லை. தமிழ் பேச வராத நம் பிள்ளைகளைக் கல்யாண வீட்டில் நிற்கவைத்து மாமாக்கள் கேட்பதும் இதே கேள்விதானே? கேலி வருமா என்று கேட்டீர்கள்; வந்தால் இந்தத் திசையிலிருந்துதான் வரும், உங்கள் மகள்மேல் அல்ல. அதை அவளிடம் முன்பே சொல்லிவையுங்கள்.

இப்போது எனக்குப் பிடித்த பகுதிக்கு வருகிறேன். நம் அரிச்சுவடியில் ங என்று ஒரு வரிசையே இருந்தும் அது தனியாக எங்கும் போகாது. சங்கு, தங்கம் என்று க-வைக் கையில் பிடித்துக்கொண்டுதான் வரும். சமோவாவில் அதற்குத் தனிக்குடித்தனம். மொழி என்பதற்கு அவர்கள் சொல் ஙஙனா, குடும்பம் என்றால் ஆஇஙா. ஆங்கில எழுத்தில் ஜி போட்டு எழுதுவதால் நான் பல வருடம் 'ககனா' என்றே படித்துக்கொண்டிருந்தேன். குறில் நெடில் மாறினால் பொருளே மாறிவிடும் என்பதும் நமக்குப் புதிதில்லை.

ஒருநாள் மகள் அடுக்களையில் வந்து நின்று, "அப்பா, நாம் வேறு, நாங்கள் வேறுதானே?" என்று கேட்டாள். இங்கே வளர்ந்தவள், ஆங்கில வழக்கத்தில் எல்லாவற்றுக்கும் 'நாங்கள்' என்றே சொல்வாள். நானும் அவள் அம்மாவும் திருத்தித் திருத்தி ஓய்ந்துபோயிருந்தோம். அன்று வகுப்பில் தாத்தோ என்றால் கேட்பவரையும் சேர்த்து நாம், மாத்தோ என்றால் அவரை விட்டுவிட்டு நாங்கள் என்று நடத்தியிருக்கிறார்கள். பத்து வருடம் நாங்கள் சொல்லி ஏறாத தமிழ் இலக்கணம் சமோவா ஆசிரியை வழியாக அரை மணி நேரத்தில் ஏறிவிட்டது.

மரியாதைச் சொற்களும் அப்படியே. சாதாரணமாக 'வா' என்றால் ஸாவு. உயர்குடித் தலைவரை அழைக்கும்போது அஃபியோ மாய். நம் 'எழுந்தருளுங்கள்' போல. வீட்டுக்கு ஃபலே, தலைவர் வீடு என்றால் சொல்லே வேறு. பேச்சும் எழுத்தும் வேறு வேறு என்பதுகூட உண்டு. பள்ளியில் நன்றிக்கு 'ஃபஅஃபெத்தாய்' என்று சொல்லிக்கொடுப்பார்கள். கடைத்தெருவில் த எல்லாம் க ஆகி 'ஃபஅஃபெக்காய்' என்று கேட்கும். மகள் குழம்பினால், செய்தித்தாள் தமிழையும் பாட்டி தமிழையும் நினைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஒன்றே ஒன்றுதான் அவளால் ஏற்கவே முடியவில்லை: அக்காவும் கிடையாது, தங்கையும் கிடையாது, பெண்ணுக்குப் பெண் எல்லாம் உஸோ. "அப்படியானால் யார் யாரை அதட்டுவது?" என்று கேட்டாள்.

பாடம் வீட்டுக்குள்ளும் வரும். ஊரிலிருந்து என் அம்மா வந்திருந்த சமயம், டிவி பார்த்துக்கொண்டிருந்தவர் முன்னால் போக வேண்டியிருந்தபோது மகள் குனிந்து 'துலோ' என்று சொல்லிக்கொண்டே கடந்தாள். பெரியவர்கள் முன் நிமிர்ந்து குறுக்கே போகக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். அம்மாவுக்குச் சொல் புரியவில்லை, குனிந்தது புரிந்தது. "பள்ளிக்கூடத்தில் இதெல்லாமா கற்றுக்கொடுக்கிறார்கள்?" என்று ஊருக்குப் போன் போட்டுச் சொன்னார்.

வரலாறும் சொல்லித்தருவார்கள், நன்றாகவே. 1918-ல் ஆக்லாந்திலிருந்து போன தலூனே என்ற கப்பல் விஷக்காய்ச்சலைக் கொண்டுபோய் இறக்க, சமோவாவில் ஐந்தில் ஒருவருக்கு மேல் இறந்தார்கள். அப்போது அந்தத் தீவுகளை ஆண்டது நியூசிலாந்துதான். 1970களில் விசா முடிந்தவர்களைத் தேடி விடியற்காலையில் பசிபிக் தீவினர் வீடுகளுக்குள் போலீஸ் புகுந்ததும் பாடத்தில் உண்டு. அதற்காக 2021 ஆகஸ்ட் 1 அன்று பிரதமர் ஜசிந்தா ஆர்டெர்ன் ஆக்லாந்து நகர மண்டபத்தில் மன்னிப்புக் கேட்டபோது அவர் தலைமேல் பாயைப் போர்த்தினார்கள். தவறு செய்தவர் பாயைப் போர்த்திக்கொண்டு காத்திருக்க வேண்டும், மன்னித்தவர் வந்து விலக்க வேண்டும். இஃபோஙா என்பது அந்தச் சடங்கு. தொலைக்காட்சியில் மகள் எனக்கு விளக்கிக்கொண்டிருந்தாள். விசாத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு தூங்காத இரவுகள் எனக்கும் இருந்ததால் நான் ஒன்றும் பேசவில்லை.

செலவும் நேரமும் பற்றிக் கேட்கவில்லை, ஆனால் தெரிந்துகொள்ளுங்கள். மார்ச்சில் மானுகாவில் பாலிஃபெஸ்ட். 1976-ல் ஒட்டாராவில் தொடங்கிய பள்ளிகளின் கலை விழா. உங்கள் மகளும் குழுவில் சேருவாள், சேராமல் இருக்கமாட்டாள். மாலையிலும் சனிக்கிழமையிலும் பயிற்சி. கூட்டிப்போய்க் கூட்டிவருவது உங்கள் பொறுப்பு. உட்கார்ந்து கைதட்டி ஆடும் ஸாஸா ஆட்டத்தில் ஒரு கை பிசகினாலும் வரிசை முழுக்கக் காட்டிக்கொடுத்துவிடும். பரதம் கற்ற பிள்ளை என்றால் தாளம் சீக்கிரம் பிடிபடும், முழங்கால்தான் வலிக்கும். உடைக்குத் துணி வாங்கித் தைக்க வேண்டும். பயிற்சிக்கு வரும் அம்மாக்கள் எல்லோருக்கும் சாப்பாடு கொண்டுவருவார்கள். நீங்கள் வெறுங்கையோடு போகாதீர்கள். எங்கள் வீட்டு எலுமிச்சைச் சாதம் அங்கே பெயர் பெற்றது.

பழகிய பிறகு ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்கும் அழைப்பு வரும். சர்ச் முடிந்து எல்லோரும் கூடிச் சாப்பிடுவது. முதல் முறை நான் என் புது மொழியைக் காட்டிக்கொள்ள ஆசைப்பட்டு, 'நாம் சாப்பிடலாம்' என்பதற்கு தாத்தோவுக்குப் பதிலாக மாத்தோ போட்டுவிட்டேன். நாங்கள் சாப்பிடுகிறோம், நீங்கள் சும்மா இருங்கள் என்று வீட்டுக்காரரிடமே சொன்ன மாதிரி ஆயிற்று. மகள் தலையில் கைவைத்துக்கொண்டாள். அந்த வீட்டுப் பாட்டிக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

நீங்கள் சைவமா என்று எழுதவில்லை. சைவம் என்றால் போகும் முன்பே சொல்லிவிடுங்கள். சேப்பங்கிழங்கு இலையில் தேங்காய்ப்பால் ஊற்றி மடித்து வேகவைக்கும் பாலுஸாமியை நம் ஊர்ப் பண்டம் என்று நினைத்துத் தைரியமாகக் கை வைப்பீர்கள். சில வீடுகளில் உள்ளே டின் மாட்டிறைச்சி இருக்கும். பிஸுபோ என்பார்கள். அந்தச் சொல்லை மட்டும் மகளிடம் கேட்டு மனப்பாடம் செய்துகொண்டு போங்கள்.