ரிப்போர்ட் நார்மல், ஆனால் உடம்பு?

கேள்வி: டாக்டர், எனக்கு 34 வயது. ஆறு மாதமாக மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது. ஐஸ் கட்டியைக் கடித்துத் தின்னச் சொல்கிறது வாய். ஹீமோகுளோபின் 12.1, சீரம் அயர்ன் 142. அன்று காலைகூட இரும்புச்சத்து மாத்திரை போட்டுவிட்டுத்தான் ரத்தம் கொடுத்தேன். இரண்டுமே நார்மலாம். எல்லாம் மனப்பிரமை என்கிறார் கணவர்.
- பெயர் வேண்டாம் என்ற வாசகி

பதில்: மனப்பிரமை இல்லை, அம்மா. காலையில் மாத்திரை போட்டதாகப் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, விஷயம் அங்கேதான் இருக்கிறது. மாத்திரை போட்ட சில மணி நேரத்தில் சீரம் அயர்ன் கிடுகிடுவென ஏறிவிடும். போடாவிட்டாலும் ஒரே நாளுக்குள் ஏறி இறங்கும். உடம்பில் மொத்தம் 3 முதல் 4 கிராம் இரும்பு இருக்கிறது. அதில் ரத்த நீரில் போய்க்கொண்டிருப்பது வெறும் 3, 4 மில்லிகிராம். வழியில் போகும் ஒரு வண்டியைப் பார்த்துக் களஞ்சியத்தின் இருப்பைச் சொல்ல முடியுமா?

இருப்பைக் காட்டுவது, இரும்பைச் சேமித்து வைக்கும் ஃபெரிட்டின் என்ற புரதம். பற்றாக்குறை வரும்போது முதலில் கரைவது அதுதான். ஹீமோகுளோபின் கடைசியில்தான் விழும். அதனால் உங்கள் 12.1 எனக்கு நிம்மதி தரவில்லை. ஐஸ் கடிக்கும் ஆசை ரத்தசோகை வருவதற்கு முன்பேகூட வரலாம்.

ஃபெரிட்டின் 15-க்குக் கீழே போனால் பற்றாக்குறை என்கிறது உலக சுகாதார நிறுவனம். 30-க்குக் கீழே வந்தாலே நான் விடமாட்டேன். ஆனால் காய்ச்சல், மூட்டழற்சி போன்றவை இருந்தால் இந்த எண் பொய்யாக உயரும். அப்போது 70 வரைகூடச் சந்தேகிக்க வேண்டும். மூட்டுவாத நோயாளி ஒருவருக்கு 64 வந்ததைப் பார்த்து, “இருப்பு போதும்” என்று முன்பொரு முறை அனுப்பிவிட்டேன். இரண்டு மாதம் கழித்து, நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டுதான் அவரால் எழ முடிந்தது. அப்போது பார்த்த டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷன், அதாவது ரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் புரதம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்ற அளவு, 9 சதவீதம். குறைந்தது 20 இருக்க வேண்டும். அவர் இழந்த அந்த இரண்டு மாதம் இன்றும் என்னை உறுத்துகிறது.

உங்கள் மருத்துவரிடம் சொல்லிவிட்டு, ஒரு நாள் மாத்திரையை நிறுத்தி, காலையில் வெறும் வயிற்றில் ரத்தம் கொடுங்கள். ஃபெரிட்டின், டி.ஐ.பி.சி. (ரத்தம் மொத்தம் எவ்வளவு இரும்பைச் சுமக்க முடியும் என்பது), சி.ஆர்.பி. (உடம்பில் அழற்சி இருக்கிறதா என்பது) மூன்றையும் சீரம் அயர்னோடு சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். குறைவு என்று தெரிந்தால் மாத்திரையோடு விட்டுவிடாமல், இரும்பு எங்கே போகிறது என்றும் தேட வேண்டும். மாதவிலக்கு எத்தனை நாள் நீடிக்கிறது, கட்டி கட்டியாகப் போகிறதா என்று நீங்கள் எழுதவே இல்லை. ஃபெரிட்டின் எண் வந்ததும் அதையும் சேர்த்து எழுதுங்கள்.