‘தக்காளி’ மதிப்பெண்ணை நம்பிப் படத்துக்குப் போகலாமா?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதி சினிமாவைப் பற்றி, அதிலும் சூப்பர்ஹீரோ படங்களுக்கு இணையத்தில் போடும் மதிப்பெண்களைப் பற்றி. அதனால் சமையல், வாடகை வீடு, மாமியார் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: வணக்கம் ஐயா. ராட்டன் டொமேட்டோஸ் என்ற விமர்சனத் தளத்தில் 90க்கு மேல் என்று பார்த்த பிறகுதான் நானும் என் தங்கையும் நூ சென்ட்ரலில் ஒரு மார்வெல் படத்துக்கு டிக்கெட் எடுத்தோம். படம் மோசமில்லை, ஆனால் 90 போடுகிற அளவுக்கு அதில் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. விமர்சகர்கள் காசு வாங்கிக்கொண்டு போடுகிறார்களா? — வாசகர், பிரிக்பீல்ட்ஸ்

பதில்: அந்த 90 படத்துக்கு யாரும் போட்ட மதிப்பெண் இல்லை தம்பி. முதலில் இது தெளிவாக வேண்டும், மற்ற குழப்பமெல்லாம் இங்கிருந்துதான் கிளம்புகிறது. 1998இல் கலிபோர்னியாவில் ஆரம்பித்த அந்த இணையத்தளம், தான் அங்கீகரித்த விமர்சகர்கள் எழுதும் ஒவ்வொரு விமர்சனத்தையும் ‘பிடித்திருக்கிறது’, ‘பிடிக்கவில்லை’ என்று இரண்டே பக்கமாகப் பிரிக்கிறது. பிடித்திருக்கிறது என்றவர்கள் நூற்றுக்கு எத்தனை பேரோ அதுதான் நீங்கள் பார்த்த எண். அறுபதைத் தொட்டால் சிவப்புத் தக்காளி, அதற்குக் கீழே என்றால் நசுங்கிய பச்சைத் தக்காளி. இப்போது யோசித்துப் பாருங்கள்: நூறு விமர்சகர்களும் ஐந்துக்கு மூன்று நட்சத்திரம் போட்டு, ‘ஒரு தடவை பார்க்கலாம்’ என்று அசிரத்தையாக எழுதினாலும் அந்தப் படத்துக்கு 100 விழுக்காடு வந்துவிடும். இன்னொரு படத்தை அறுபது பேர் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடி, நாற்பது பேர் திட்டித் தீர்த்தால் அதற்கு 60தான்.

மெட்டாகிரிட்டிக் என்று இன்னொரு தளம் இருக்கிறது. அது விமர்சகர்கள் கொடுத்த மதிப்பெண்களையே சராசரி எடுக்கிறது, பெரிய பத்திரிகைகளுக்குக் கொஞ்சம் கூடுதல் எடை கொடுத்து. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் விஷயம் புரிந்துவிடும். 2017இல் வந்த ஸ்பைடர்மேன் ஹோம்கமிங் ராட்டன் டொமேட்டோஸில் 92, மெட்டாகிரிட்டிக்கில் 73. அவெஞ்சர்ஸ் எண்டுகேம் 94, மற்றதில் 78. பார்த்தவர்களில் கிட்டத்தட்ட எல்லாருக்கும் பிடித்திருந்தது, ஆனால் பிடித்த அளவு எழுபதுகளில் நிற்கிறது, அவ்வளவுதான். எஸ்பிஎம் பள்ளித் தேர்வு முடிவைக் கையில் வாங்கி வளர்ந்தவர்கள் நாம், 90ஐப் பார்த்ததும் மனம் தானாகவே ‘ஏ பிளஸ்’ என்று படித்துவிடுகிறது. ஏ பிளஸ் படம் பார்க்கப் போய் நல்ல பி படம் பார்த்துவிட்டு வருகிறவருக்கு ஏமாற்றமாக இல்லாமல் எப்படி இருக்கும்?

சூப்பர்ஹீரோ படங்களுக்கு இந்தச் சிக்கல் இன்னும் அதிகம். சண்டை, நகைச்சுவை, குடும்பக் கண்ணீர், கடைசியில் அடுத்த படத்துக்கு ஒரு முன்னோட்டம் என்று எதிலும் சறுக்காமல் எடுக்கப்பட்ட படம் யாரையும் பெரிதாகக் கோபப்படுத்தாது. அதனால் ‘பிடித்திருக்கிறது’ பக்கம் எளிதாக நிரம்பிவிடும். துணிந்து வேறு மாதிரி எடுத்தால் ஆட்கள் இரண்டாகப் பிரிவார்கள். 2019இன் ஜோக்கர் 70ஐக்கூடத் தொடவில்லை. அதே படம்தான் வெனிஸ் திரைப்பட விழாவில் தங்கச் சிங்கம் என்ற முதல் பரிசை வாங்கியது, வாக்கீன் ஃபீனிக்ஸுக்கு ஆஸ்கார் வாங்கிக் கொடுத்தது, உலகம் முழுவதும் ஒரு பில்லியன் டாலருக்கு மேல் வசூலித்தது. தக்காளியை மட்டும் பார்த்து அதை ஒதுக்கியவர்கள் இருக்கிறார்கள் என்று நினைத்தால் எனக்கு இப்போதும் வருத்தமாக இருக்கிறது.

காசு விஷயத்துக்கு வருகிறேன். ஒரு விளம்பர நிறுவனம் சிறிய விமர்சகர்களுக்குப் பணம் கொடுத்து விமர்சனம் எழுத வைத்தது என்று 2023இல் நியூயார்க் இதழ் ஒன்று எழுதியது உண்மை. ஆனால் அது சூப்பர்ஹீரோ படமில்லை, அதிகம் பேர் எழுதாத ஒரு சின்னப் படம். அங்கே பத்துப் பேர் மாறினால் எண் மாறிவிடும். மார்வெல், டிசி படங்களுக்கு முந்நூறு நானூறு விமர்சனங்கள் வருகின்றன, அதை யாரும் விலைக்கு வாங்க முடியாது. ஸ்டுடியோக்கள் விளையாடுவது வேறு இடத்தில்: முதலில் யாரைக் கூப்பிட்டுப் படம் காட்டுவது, எந்தத் தேதி வரை விமர்சனம் வெளியிடக்கூடாது என்பதில். முதல் காட்சிக்கு அழைக்கப்பட்டவர்கள் அன்றிரவே சமூக ஊடகத்தில் போடும் இரண்டு வரிப் புகழ்ச்சியும் விமர்சனமும் ஒன்றில்லை. அந்த இரண்டு வரியை நம்பிக் காசைப் போடாதீர்கள்.

கேள்வி: அண்ணா, எங்கள் வீட்டில் மாதம் ஒருமுறை குடும்பமாக குவீன்ஸ்பேயில் படம் பார்ப்பது வழக்கம். என் மகனுக்குப் பதினைந்து வயது. விமர்சன எண் குறைவாக வந்தால் ‘குப்பைப் படம், வரமாட்டேன்’ என்று அறையைச் சாத்திக்கொள்கிறான். அதிகமாக வந்தால் வருகிறான், ஆனால் திரும்பும்போது காரில் முழுக்கக் குறைதான் சொல்கிறான். இவனை என்ன செய்வது? — வாசகி, பாயான் பாரு

பதில்: பையனைத் திட்டாதீர்கள் சகோதரி, அவன் செய்வதைத்தான் நாட்டில் பெரியவர்களும் செய்கிறார்கள். ரிச்சர்ட் ஆலிவர் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1980இலேயே இதை எழுதிவிட்டார். ஒரு பொருள் நமக்குத் திருப்தி தருகிறதா என்பது அந்தப் பொருளின் தரத்தை மட்டும் பொறுத்ததில்லை, நாம் எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் நடுவில் உள்ள இடைவெளியையும் பொறுத்தது என்று. உங்கள் மகன் 95 என்று மனத்தில் எழுதிக்கொண்டு இருட்டுக்குள் உட்காருகிறான். அதற்குப் பிறகு அவன் படம் பார்க்கவில்லை, மீதி ஐந்து எங்கே போனது என்று தேடிக்கொண்டிருக்கிறான்.

எண் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தாலும் எதிர்பார்ப்பு வேறாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு இரண்டு படங்களைச் சொல்கிறேன், அவனிடமும் சொல்லுங்கள். 2018இல் ஆக்வாமேன் வந்தபோது விமர்சகர் எண் 65 அளவில்தான். டிசி படங்களுக்கு அப்போது அடிமேல் அடி, யாரும் பெரிதாக எதிர்பார்க்கவில்லை. கடலுக்கடியில் கலர்கலராக ஒரு திருவிழா நடத்திக் காட்டினார்கள், சனம் சந்தோஷமாகப் பார்த்து 1.1 பில்லியன் டாலருக்கு மேல் கொடுத்தது. 2023இல் தி மார்வெல்ஸ் வந்தது, எண் 62. மூன்று புள்ளிதான் வித்தியாசம், அதுவும் சிவப்புத் தக்காளிதான். ஆனால் அதற்கு முன் வந்த மார்வெல் படங்கள் பலவும் எண்பது தொண்ணூறு என்று வாங்கிப் பழக்கிவிட்டதால் 62ஐப் பார்த்தவர்களுக்கு அது தோல்வியாகவே தெரிந்தது. உலக வசூல் 206 மில்லியனோடு நின்றது, மார்வெல் வரிசையிலேயே மிகக் குறைவு. நியாயமாகச் சொன்னால் வசூல் சரிந்ததற்கு வேறு காரணங்களும் உண்டு: வீட்டிலேயே பார்க்கும் மார்வெல் தொடர்கள் குவிந்து போனது, நடிகர்கள் வேலைநிறுத்தத்தால் விளம்பரத்துக்கு அவர்கள் வர முடியாமல் போனது. எல்லாப் பழியையும் ஓர் எண்ணின் தலையில் கட்ட முடியாது.

எதிர்பார்ப்பை ஏற்றிவிடுவது விமர்சகர்கள் மட்டுமில்லை. தி ஃபிளாஷ் வருவதற்குப் பல மாதங்களுக்கு முன்பே, டிசி நிறுவனத்தின் புதிய தலைவராக இருந்த ஜேம்ஸ் கன், இதுவரை வந்த சூப்பர்ஹீரோ படங்களிலேயே மிகச் சிறந்த ஒன்று என்ற அளவுக்குப் பேசினார். விற்கிறவர் தன் சரக்கைப் புகழ்வது இயல்புதான். ஆனால் அந்தப் பேச்சு உலகமெல்லாம் சுற்றிய பிறகு 63 என்று எண் வந்தபோது, சுமாரான ஒரு படம் மகா மோசடி போல ஆகிவிட்டது. இதற்கு நேர் எதிர் வெனம் படம். விமர்சகர் எண் 30, ‘அவ்வளவு மோசமா, சரி பார்த்துத்தான் விடுவோமே’ என்று போனவர்கள் சிரித்துவிட்டு வந்தார்கள், வசூல் 850 மில்லியன் டாலரைத் தாண்டியது.

உங்களுக்கு ஒன்று செய்து பார்க்கத் தோன்றினால்: டிக்கெட்டை எண் வருவதற்கு முன்பே எடுத்துவிடுங்கள். பல ஹாலிவுட் படங்கள் அமெரிக்காவில் வெள்ளிக்கிழமை வருமுன்பே நம் மலேசியாவில் புதன் அல்லது வியாழன் வந்துவிடுகின்றன, அதனால் இது ஒன்றும் சிரமமில்லை. படம் முடிந்த பிறகு அவனையே ஒரு மதிப்பெண் போடச் சொல்லுங்கள், ஏன் என்று கேளுங்கள். தளத்தை அதற்கப்புறம் திறக்கட்டும். தன் வாயால் ஒரு காரணம் சொல்லிப் பழகிய பிள்ளை, அப்புறம் மற்றவன் எண்ணைப் பார்த்து அறையைச் சாத்தமாட்டான் என்பது என் நம்பிக்கை.

கேள்வி: விமர்சகரை விடுங்கள், ரசிகர் போடும் எண்ணை நம்பலாமா? — வாசகர், செந்தூல்

பதில்: பாதி நம்பலாம். 2019இல் கேப்டன் மார்வெல் திரைக்கே வராத நிலையில் ராட்டன் டொமேட்டோஸில் அந்தப் படத்துக்கான பக்கத்தில் வந்து திட்டி எழுதினார்கள், கதாநாயகி பேசிய ஒரு பேச்சு பிடிக்காமல். அதற்குப் பிறகுதான் வெளியீட்டுக்கு முன்னால் கருத்து எழுதும் வசதியை அந்தத் தளம் எடுத்தது, டிக்கெட் வாங்கியதை உறுதிப்படுத்தியவர்களின் எண்ணைத் தனியாகக் காட்டவும் ஆரம்பித்தது. நல்ல ஏற்பாடுதான், ஆனால் உறுதிப்படுத்துவது அமெரிக்கச் சீட்டு விற்பனையை வைத்து, மிட் வேலியில் நீங்கள் வாங்கிய டிக்கெட்டுக்கு அங்கே இடமில்லை.

எனக்கு அதைவிடப் பயனுள்ளதாகத் தெரிவது சினிமாஸ்கோர். முதல் நாள் அமெரிக்கத் திரையரங்கு வாசலில் படம் பார்த்து வெளியே வருகிறவர்களிடம் அட்டை கொடுத்து மதிப்பெண் வாங்குகிறார்கள். முதல் நாள் வருகிறவர் யார்? வெறியர்தான். அதனால் சூப்பர்ஹீரோ படத்துக்கு ஏ வருவது சாதாரணம், 2012 அவெஞ்சர்ஸுக்கும் பிளாக் பேந்தருக்கும் எண்டுகேமுக்கும் ஏ பிளஸே வந்தது. அங்கே பி என்று வந்தால் வெறியருக்கே முகம் வாடியிருக்கிறது என்று பொருள். எட்டர்னல்ஸ், ஆன்ட்மேன் குவாண்டமேனியா, தி ஃபிளாஷ், தி மார்வெல்ஸ் எல்லாம் பி. பேட்மேன் வெர்சஸ் சூப்பர்மேனும் பி வாங்கிய படம்தான், முதல் வார இறுதியில் அமெரிக்காவில் 166 மில்லியன் டாலர் எடுத்துவிட்டு அடுத்த வாரம் ஏறத்தாழ 70 விழுக்காடு சரிந்தது. விமர்சகர் எண் 30ஐ ஒட்டி இருந்தும் முதல் வாரக் கூட்டத்தை அது தடுக்கவில்லை, இரண்டாவது வாரத்தை வாசலில் வந்தவர்களின் வாய்ப்பேச்சு தடுத்தது.

கேள்வி: தமிழ்ப் படத்துக்கு ஏன் இப்படி ஒரு பொது எண் இல்லை? யூடியூப்பில் ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்கிறார்கள். — வாசகர், ஜார்ஜ்டவுன்

பதில்: இல்லாததே நல்லது என்று நினைக்கிறேன். நமக்கு எண்ணைவிட வேகமான ஒன்று இருக்கிறது, முதல் காட்சி இடைவேளையிலேயே வாட்ஸ்அப்பில் தீர்ப்பு வந்துவிடும். படம் வந்த உடனே வரும் விமர்சனங்களைச் சில நாளுக்குத் தடுக்க வேண்டும் என்று 2024இல் தமிழகத் தயாரிப்பாளர் தரப்பு கேட்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை. இருபது வெள்ளி கொடுத்துப் பார்த்தவனுக்கு வாயைத் திறக்க உரிமை உண்டு. ஆனால் கதையைச் சொல்லாமல் பேசத் தெரிந்த, போன தடவை உங்களோடு ஒத்துப்போன இரண்டு பேரை மட்டும் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். உங்களோடு எப்போதும் ஒத்துப்போகாத ஒருவரும் உதவுவார், அவர் திட்டினால் நம்பிப் போகலாம்.

கேள்வி: என் மகளுக்கு எட்டு வயது. சூப்பர்ஹீரோ படம், விமர்சனத்தில் 93 என்று இருந்தால் தைரியமாகக் கூட்டிப் போகலாமா? — வாசகி, செராஸ்

பதில்: கூடாதம்மா. 93 வாங்கிய சூப்பர்ஹீரோ படங்களில் லோகன் ஒன்று, எனக்கு மிகவும் பிடித்த படம், அதில் நகங்கள் மண்டையில் இறங்கும். 85 வாங்கிய டெட்பூல் முழுக்க கெட்ட வார்த்தையும் ரத்தமும். இரண்டுக்கும் அமெரிக்காவில் வயது வரம்பு வைக்கும் ‘ஆர்’ சான்றிதழ். விமர்சகர் எண்ணில் வயது எங்கும் இல்லை. டிக்கெட் எடுக்கும் பக்கத்தில் நம் தணிக்கை வாரியம் போட்டிருக்கும் வகையைப் பாருங்கள்: பி12 என்றால் பெற்றோர் துணை வேண்டும், 13 என்றிருந்தால் அது பதின்மூன்று வயதைத் தொட்டவர்களுக்கு. சந்தேகமாக இருந்தால் முதலில் நீங்களும் உங்கள் கணவரும் பார்த்துவிட்டு வாருங்கள், பாப்பா ஒரு வாரம் பொறுத்துக்கொள்வாள்.