ஜப்பான் பள்ளியும் நம்ம ஊர் சீமாறும் – கடிதம்

வணக்கம் அண்ணா,

சத்தியமங்கலம் பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியில் ஆசிரியை நான். ஜப்பான் பள்ளிகளைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். பிள்ளைகளே பரிமாறுகிறார்கள், வகுப்பைத் துடைக்கிறார்கள் என்று அப்படி மெச்சியிருந்தீர்கள். இங்கே ஒரு பிள்ளை கையில் சீமாறைக் கொடுத்தால் மறுநாள் காலையில் அப்பன் வாசலில் நிற்பார். இதெல்லாம் நமக்கு ஆகுமா? அப்புறம், அந்தச் சாப்பாடு உங்களுக்கு ஒத்துக்கொண்டதா?

– ஒரு வாசகி

அன்புள்ள அம்மணி,

சாப்பாட்டை முதலில் சொல்லிவிடுகிறேன். சைவக்காரர்களுக்கு ஜப்பான் ரொம்பக் கஷ்டம். காய்ந்த மீனைச் சீவிப் போட்டு எடுக்கிற தாஷி என்கிற சாறு சூப்பிலும் இருக்கும், காய்கறியிலும் இருக்கும். நான் மீன் தின்கிறவன், தப்பித்தேன். நான் போய்வந்த இன்னொரு நாடான பின்லாந்தில் உருளைக்கிழங்கும், ரை என்கிற தானியத்தில் சுட்ட ரொட்டியும்தான். 1948 முதல் எல்லாப் பள்ளிப் பிள்ளைக்கும் இலவசமாகச் சோறு போடுகிற நாடு, அதற்காகவே கும்பிடலாம். ஆனால் உறைப்பு மருந்துக்கும் கிடையாது, அரிசிம்பருப்புச் சாதம் கனவில் வர ஆரம்பித்துவிட்டது.

சரி, உங்கள் கேள்வி. ஜப்பானில் நான் பார்த்த வகுப்பில் அன்றைய முறைக்காரப் பிள்ளைகள் வெள்ளைத் தொப்பியும் அங்கியும் மாட்டிக்கொண்டு சோற்றுப் பாத்திரங்களைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்தார்கள். சூப் ஊற்றிய பொடியன் ஒவ்வொரு தடவையும் அடிவரை கலக்கிவிட்டுத்தான் மொண்டான், கடைசி ஆளுக்கும் காய் கிடைக்க வேண்டுமாம். டீச்சருக்கும் அதே தட்டுதான், அதே அறையில். தின்று முடித்ததும் பால் வந்த அட்டைப்பெட்டியை அலசிப் பிரித்துக் காயவைக்கிறார்கள். பள்ளிச் சாப்பாட்டுக்கு 1954-லேயே சட்டம் போட்டவர்கள் அவர்கள், அங்கே அதுவும் பாடத்தில் சேர்த்தி. (இலவசம் என்று நினைத்துவிடாதீர்கள், அரிசி, காய்கறிக் காசு பெரும்பாலும் பெற்றோர் தலையில்தான் இருந்துவந்திருக்கிறது. 1982-லிருந்து சத்துணவு, 2022-லிருந்து காலை உணவு என்று போடுகிற நாம் அந்த வகையில் ஒன்றும் இளைத்தவர்கள் இல்லை.)

அங்கே பெற்றோர் சண்டைக்கு வராததற்குக் காரணம், முறை எல்லோருக்கும் வரும் என்பதுதான். டாக்டர் மகனும் தரை துடைப்பான். இங்கே சீமாறு யார் வீட்டுப் பிள்ளை கைக்குப் போகும் என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். 2018-ல் அவிநாசிப் பக்கம் சத்துணவு சமைக்க வந்த அம்மாவை, சாதியைச் சொல்லி மாற்றச் சொன்னார்களே, அது வேறெங்கோ நடக்கவில்லை. அதனால் வாசலில் நிற்கிற அப்பன் எந்தப் பிள்ளையின் அப்பன் என்று பாருங்கள். ஒரு சில அப்பன்கள் கோபப்படுவதில் முழு நியாயம் இருக்கிறது.

சீமாறை இப்போதைக்கு விடுங்கள், பரிமாறுவதில் ஆரம்பிக்கலாம். வருகைப் பதிவேட்டு வரிசையிலேயே ஒருத்தர் விடாமல் முறை எழுதிச் சுவரில் ஒட்டுங்கள், உங்கள் பெயரை முதலில் போடுங்கள். சூடான சாம்பாரைப் பெரியவர்களே ஊற்றட்டும், பிள்ளைகள் முட்டையும் சுண்டலும் வைத்தால் போதும். நீங்களும் ஒரு தட்டை எடுத்துக்கொண்டு அவர்களோடு தரையில் உட்காருங்கள். சத்துணவு அமைப்பாளரிடம் மட்டும் முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்ங்க, இல்லாவிட்டால் தன் வேலையில் கை வைக்கிறீர்கள் என்று அவர் கோபித்துக்கொள்வார்.