அம்மாவின் காதும் ஹாலின் சுவர்களும்

அன்புள்ள ஐயா,

எங்கள் அடுக்குமாடி வீட்டின் ஹால் ‘ட’ வடிவம். பெரிய பகுதி 20 அடிக்கு 10½ அடி. அதன் வலது கோடியில் சாப்பாட்டு மேசைக்கான பகுதி, 10 அடிக்கு 9 அடி, பக்கவாட்டில் பிரிகிறது. இடது கோடியில் பால்கனியின் கண்ணாடிக் கதவு. நீளச் சுவரில் 7 அடி அகல டிவி ஷோகேஸ். அதன் இரு பக்க அறைகளில் ஸ்பீக்கர்கள், கீழ்த்தட்டில் தாழ்ந்த சுரங்களுக்கான 10 அங்குல சப்வூஃபர். எதிர்ச்சுவரை ஒட்டி சோபா. பாட்டு பரவாயில்லை, படம் பார்த்தால் வசனம் புரிவதில்லை. 50 வாட் ஆம்ப்ளிஃபயரை 100 வாட்டாக மாற்றலாமா? பின்னால் இன்னும் இரண்டு ஸ்பீக்கர் வாங்கலாமா? அம்மா சாப்பாட்டு மேசைப் பக்கம் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்பார். அவருக்குக் காது மந்தம், அதனால் அவரைக் கணக்கில் சேர்க்கவில்லை.

கோவையிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடைசி வரிக்காகத்தான் இந்தப் பதில். வயதானவர்கள் சத்தத்தைக் கூட்டச் சொல்வதையும், வீட்டார் உடனே அவர்கள் காதைக் குறை சொல்வதையும் பற்றிச் சில நாட்களாகவே யோசித்துக்கொண்டிருக்கிறேன். வசனம் உங்களுக்கும் புரியவில்லை என்கிறீர்கள். உங்களுக்குப் புரியாதபோது அது ஸ்பீக்கரின் குறை, அம்மாவுக்குப் புரியாதபோது காதின் குறையா? இது என்ன நியாயம்? அந்த ஹாலில் மிக மோசமான இடத்தில் உட்கார்ந்திருப்பவர் அவர். அவரைக் கணக்கில் சேர்க்காமல் போடும் எந்தக் கணக்கும் எனக்கு வேண்டாம்.

காடு, நாடு, பாடு, மாடு, சாடு. இந்த ஐந்தையும் சொல்லிப் பாருங்கள். முதல் மெய்யை எடுத்துவிட்டால் ஐந்தும் ‘ஆடு’தான். ‘ஆ’ என்ற உயிரின் பலம் பெரும்பாலும் 1000 ஹெர்ட்ஸுக்கு, அதாவது வினாடிக்கு 1000 அதிர்வுக்கு, கீழே இருக்கிறது. காற்றை வாரி இறைப்பது அதுதான். எந்தச் சொல் என்று காட்டிக்கொடுக்கும் க, ச, த, ப போன்றவற்றின் அடையாளம் பெரும்பாலும் 2000 ஹெர்ட்ஸுக்கு மேலே, மெல்லிய சிறு வெடிப்பாகவும் சீறலாகவும் இருக்கிறது. வயதாகும்போது காது முதலில் இழப்பதும் இந்த மேல் பகுதியைத்தான். ஆகவே அம்மாவுக்குச் சத்தம் கேட்கும், சொல் கேட்காது. சத்தத்தைக் கூட்டினால் ‘ஆ’தான் பெரிதாகும்.

வயது எடுத்துக்கொண்டது போக மிச்சம் இருப்பதை உங்கள் ஹால் பறிக்கிறது. நீங்கள் கொடுத்த அளவுகளைக் கட்டம் போட்ட தாளில் வரைந்து பார்த்தேன். பிரம்பு நாற்காலி இடது ஸ்பீக்கரிலிருந்து ஏறக்குறைய 14 அடி, அதன் நேர்க்கோட்டிலிருந்து 50 டிகிரி விலகி. வலது ஸ்பீக்கரிலிருந்து 10 அடி, 30 டிகிரி விலகி. ட்வீட்டர், அதாவது ஸ்பீக்கரில் மேல் சுருதிகளைத் தரும் சிறு பகுதி, டார்ச் விளக்கு மாதிரி: சுருதி ஏற ஏற ஒளிக்கற்றை குறுகும். 50 டிகிரி விலகி உட்கார்ந்தவருக்கு ‘ச’ மங்கித்தான் போகும். போதாததற்கு ஷோகேஸின் பக்கப் பலகை குறுக்கே நிற்கிறது. அப்புறம் தளமெல்லாம் விட்ரிஃபைட் டைல்ஸ், ஒரு பக்கம் கண்ணாடி, மூன்று பக்கம் சிமெண்ட் பூச்சு. ஒரு ‘ஆ’ அடங்குவதற்குள் அடுத்த மெய் வந்து அதன் அடியில் நசுங்குகிறது. தலைக்கு மேலே முழு வேகத்தில் ஓடும் மின்விசிறி ஏறக்குறைய ‘ச’வைப் போலவே சீறுகிறது. இத்தனையையும் தாண்டி வந்த சொல்லைத்தான் அவர் பிடிக்க வேண்டும்.

ஒரு சோதனை செய்யுங்கள். டிவியையும் விசிறியையும் நிறுத்திவிட்டு, அம்மாவுக்குப் பின்னால் மூன்றடி தள்ளி நின்று, சாதாரணக் குரலில் அந்த ஐந்து சொற்களையும் வரிசை மாற்றிச் சொல்லுங்கள். அவர் திருப்பிச் சொல்லட்டும். நான்கு சரியாக வந்தால் பெரும்பங்கு குற்றவாளி ஹால்தான். வரவில்லையென்றால் காது மருத்துவரிடம் ஒலிப் பரிசோதனைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். ‘காது மந்தம்’ என்று எழுதத் தெரிந்த உங்களுக்குப் பரிசோதித்துப் பார்த்தோம் என்று எழுத முடியவில்லையே, அதுதான் எனக்கு வருத்தம்.

ஆம்ப்ளிஃபயரைக் கேட்டீர்கள். 50 வாட்டை 100 ஆக்கினால் கூடுவது 3 டெசிபல், அவ்வளவுதான். அம்மாவின் நாற்காலியை 10 அடித் தொலைவிலிருந்து 7 அடிக்குக் கொண்டுவந்தால் ஸ்பீக்கரிலிருந்து நேராக வரும் ஒலி அதே 3 டெசிபல் கூடும். அதுவும் எதிரொலி கூடாமல், சொல்லின் தெளிவு மட்டும் கூடும். புது ஆம்ப்ளிஃபயர் நேரொலி, எதிரொலி இரண்டையும் சேர்த்தே தூக்கும். சோபாவின் வலது கைப்பிடிக்குப் பக்கத்தில் அந்த நாற்காலிக்கு இடம் இருக்கிறது. ஆனால் நகர்த்துவதற்கு முன் அவர் ஏன் அங்கே உட்கார்கிறார் என்று கேளுங்கள். அடுப்பு கண்ணில் படவேண்டும் என்பதாக இருக்கலாம். சோபாவில் புதைந்தால் முழங்காலை ஊன்றி எழ முடியாததாக இருக்கலாம். பிரம்பு நாற்காலியே வரட்டும், சோபாவுக்கு அழைக்காதீர்கள்.

பின்னால் இரண்டு ஸ்பீக்கர் வேண்டாம். சோபா சுவரை ஒட்டியிருக்கும்போது அவற்றுக்கு இடமே இல்லை.

இனி ஷோகேஸ். வீட்டில் யார் எங்கே உட்காருவார்கள் என்று முடிவு செய்வதற்கு முன்பே ஆசாரி பலகையை அறுத்துவிடுகிறார். ஒலி அதோடு தீர்மானமாகிவிடுகிறது. 18 அங்குல ஆழமுள்ள மூன்று பக்கம் மூடிய அறைக்குள் ஸ்பீக்கரை வைத்தால் அந்த அறையே 200 ஹெர்ட்ஸை ஒட்டிக் கூடச் சேர்ந்து பாடும். ஆண் குரல் குடத்துக்குள்ளிருந்து பேசுவதுபோல் கேட்பது இதனால்தான். ஸ்பீக்கர்களை வெளியே எடுத்து ஷோகேஸின் இரு பக்கமும் ஸ்டாண்டில் வையுங்கள், நடுவுக்கு நடு 8 அடி. வெல்டிங் பட்டறையில் 24 அங்குல உயரத்துக்கு 3 அங்குலச் சதுரக் குழாயில் அடித்து, முக்கால் பங்கு காய்ந்த மணலை நிரப்பச் சொல்லுங்கள்; வெறும் குழாய் மணிபோல ஒலிக்கும். ட்வீட்டர் தரையிலிருந்து 38 அங்குலத்தில், உட்கார்ந்தவரின் காதுக்கு நேராக வரவேண்டும். ஸ்பீக்கரின் முகம் ஷோகேஸ் முகத்தைவிட 4 அங்குலம் முன்னே நிற்கட்டும். இடது ஸ்பீக்கரின் நடு கண்ணாடிக் கதவிலிருந்து 2½ அடி. பின்சுவருக்கும் பக்கச்சுவருக்கும் ஒரே தூரம் விடாதீர்கள். இரண்டு சுவரும் ஒரே சுரத்தை விழுங்கும்.

வெளியே எடுக்க வீட்டில் சம்மதம் கிடைக்காவிட்டால், முகம் பலகையை விட அரை அங்குலம் வெளியே நீட்டும்படி இழுத்து, சுற்றிலும் பின்னாலும் உள்ள இடைவெளியில் பழைய தலையணைப் பஞ்சை அடையுங்கள். முதுகில் துளை இருந்தால் அதையும் ஒரு பழைய காலுறையைச் சுருட்டி அடைக்கலாம். பாதி நோய் தீரும்.

இரண்டு ஸ்பீக்கரையும் உள்நோக்கித் திருப்புங்கள். அவற்றின் நேர்க்கோடுகள் சோபாவின் நடு இருக்கைக்கு ஒரு அடி முன்னால் ஒன்றையொன்று வெட்ட வேண்டும். இப்போது வலது ஓரத்தில் இருக்கும் அம்மாவுக்கு வலது ஸ்பீக்கர் பக்கத்தில் இருந்தாலும் முகம் திருப்பியிருக்கும். இடது ஸ்பீக்கர் தள்ளியிருந்தாலும் அவரைப் பார்த்திருக்கும். பக்கத்தில் இருப்பது கொஞ்சம் அடங்க, குரல் திரையின் நடுவை விட்டு அதிகம் விலகாது.

சோபாவைச் சுவரிலிருந்து ஒன்றரை அடி முன்னே இழுங்கள். 10½ அடி இடைவெளியுள்ள இரண்டு சுவர்களுக்கு நடுவே 54 ஹெர்ட்ஸ் அளவில் ஒரு நிலையலை, அதாவது சுவர்களுக்கிடையே நின்ற இடத்திலேயே அதிரும் ஒலி, எழும்; அதன் அழுத்தம் சுவரோரத்தில்தான் உச்சம். சுவரில் தலை சாய்த்திருப்பவருக்கு எல்லாத் தாளமும் ஒரே ‘தொம்’. ஒன்றரை அடி போய்விட்டதே என்று கவலை வேண்டாம், நடக்க இன்னும் நான்கடி மிச்சம் இருக்கும்.

எதிரொலிக்கு வருவோம். 1895-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் வாலஸ் சபைன் என்ற இளம் இயற்பியல் ஆசிரியரிடம் ஒரு விரிவுரைக் கூடத்தை ஒப்படைத்தார்கள். அங்கே எழுந்த ஒலி அடங்க ஐந்தரை வினாடி ஆனது. அவர் பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் சுமந்து வந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, ஒவ்வொரு தடவையும் ஒலி அடங்கும் நேரத்தை அளந்தார். கட்டட ஒலியியலின் சூத்திரம் அந்த மெத்தைகளிலிருந்துதான் பிறந்தது. நீங்களும் அதையே செய்யுங்கள். ஹாலின் நடுவில் நின்று ஒரு தடவை கைதட்டுங்கள். ‘டர்ர்’ என்று உலோகம் அதிர்வதுபோல் ஒரு வால் நீளும். பரணிலிருக்கும் இலவம்பஞ்சு மெத்தை, ரஜாய் எல்லாவற்றையும் ஒரு மாலை மட்டும் இறக்கிச் சுவரோரம் சாய்த்துவிட்டு மறுபடி தட்டுங்கள். வால் அறுந்திருக்கும். மெத்தைகள் இல்லாமலும் இருந்தும் ஒரே செய்தி வாசிப்பைக் கேட்டுப் பாருங்கள். ஒரு ரூபாய் செலவழிப்பதற்கு முன் எதற்காகச் செலவழிக்கிறோம் என்று காது தெரிந்துகொள்ளும்.

பிறகு நிரந்தரமாக மூன்று செய்யலாம். கண்ணாடிக் கதவுக்குக் கனமான திரை, கதவின் அகலத்தைப் போல் இரண்டு மடங்கு துணி எடுத்து மடிப்பு விழும்படி. சோபாவுக்கும் டிவிக்கும் நடுவே 6 அடிக்கு 9 அடி விரிப்பு, ஓரம் சோபாவுக்கு அடியில் போகும்படி. பவானி ஜமக்காளம் அழகுதான், ஆனால் மெலிது. அடியில் அரை அங்குல ஃபெல்ட் போடுங்கள். சோபாவுக்குப் பின்சுவரில் 4 அங்குலத் தடிமனுக்கு ராக்வூல் என்னும் கல்நார்ப் பஞ்சு போன்ற கனிம இழைப் பஞ்சு அடைத்துத் துணி போர்த்திய இரண்டு சட்டங்கள், காது உயரத்தில். ஒரு அங்குல ஃபோம் ஓடுகளும் முட்டை அட்டைகளும் வேண்டாம். அவை சீறலைக் குடித்துவிட்டு முழக்கத்தை அப்படியே விடும், அம்மாவுக்கு அது நேர் எதிர்.

சப்வூஃபரைக் கீழ்த்தட்டிலிருந்து எடுத்துச் சோபாவின் நடு இருக்கையில் ஏற்றி, ஏறி இறங்கும் பேஸ் கிட்டார் உள்ள பாட்டைப் போட்டுவிட்டு, டிவி பக்கச் சுவரோரம் முட்டிபோட்டு நகர்ந்து கேளுங்கள். எந்த இடத்தில் எல்லாச் சுரமும் ஒரே அளவில் கேட்கிறதோ அங்கே வையுங்கள். மூலையில் சத்தம் கூடுதலாக இருக்கும், அதில் மயங்காதீர்கள். கிராஸ்ஓவர், அதாவது சப்வூஃபருக்கும் மற்ற ஸ்பீக்கர்களுக்கும் சுரங்களைப் பிரிக்கும் எல்லை, 80 ஹெர்ட்ஸ். வயர் 2.5 சதுர மி.மீ. செம்பு போதும், தங்க முலாமுக்குக் காசு கொடுக்காதீர்கள்.

விசிறியை ஒரு புள்ளி குறையுங்கள், அம்மாவுக்குப் புழுங்காத அளவுக்கு.

எல்லாம் முடிந்ததும் நீங்கள் பிரம்பு நாற்காலியில் உட்காருங்கள், இந்தச் சோதனைக்கு மட்டும் அம்மா சோபாவின் நடுவில் உட்காரட்டும். செய்தி வாசிப்பைப் போட்டு, அவர் போதும் என்கிற வரை சத்தத்தைக் குறையுங்கள். அந்த அளவு உங்களுக்கும் புரிந்தால் ஸ்டாண்டின் அடியைச் சுற்றித் தரையில் மாஸ்கிங் டேப் ஒட்டிவிடுங்கள். வீடு துடைக்கும்போது ஸ்டாண்ட் நகரும். திருப்பி வைக்க அடையாளம் வேண்டும்.

அன்புடன்